விஞ்ஞான ஆசிரியர் விபுலாநந்தர்

மட்டக்களப்பு என்றவுடன் பாடும் மீனை நினையாதார் இலர். விபுலாநந்த அடிகள் என்றவுடன் யாழ்நூலை நினையாதாரும் இலர். அடிகளாரின் துறவும், இசையாராய்ச்சியும், பேராசிரியப் பதவியும் நம் மேடைகளில் ஆண்டுதோறும் எடுத்துரைக்கப்படுகின்றன. ஆயினும், காவி உடுப்பதற்கு முன்னர் அவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் என்பதும், அவ்வாசிரியத் தொழிலே அவருடைய பிற்காலப் பணிகள் பலவற்றுக்கும் வித்தாயிற்று என்பதும் ஒரு வரியிற் சொல்லிக் கடந்து செல்லப்படும் செய்திகளாகவே இருந்து வருகின்றன. அந்த ஒரு வரியைச் சற்று விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்முனைக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள காரைதீவு என்னும் ஊரில் 1892-ஆம் ஆண்டு பங்குனித் திங்களில் சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவர் அவர். பெற்றோர் வழங்கிய பெயர் மயில்வாகனன். அவ்வூர் இன்று அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்நாளில் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. ஊரிலே தமிழும், கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலமும் பயின்ற பின்னர், மட்டக்களப்பு நகரில் யேசுசபைக் குருமார் நடத்திய அர்ச். மிக்கேல் கல்லூரியிற் சேர்ந்தார். பதினாறாம் வயதில், 1908-இல், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார்.

அப்பரீட்சையின் இயல்பை இக்காலத்து மாணவர் அறிந்துகொள்ளுதல் நன்று. வினாத்தாள் கடல் கடந்து வரும். விடைத்தாள் கடல் கடந்து போகும். பாடநூல்கள் இங்கிலாந்தின் மாணவனை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. செடியும் பூச்சியும் பருவமும் அந்நாட்டினவே. விஞ்ஞானம் என்பது ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கக்கூடிய ஒன்று என்று ஆசிரியரும் மாணவரும் ஐயமின்றி நம்பிய காலம் அது.

ஆனால் அம்மாணவனின் கண்முன்னே விரிந்து கிடந்தது என்ன? கல்முனைப் பக்கத்திலிருந்து வடக்கே ஏறாவூர்ப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் வாவி. மாரியில் ஆற்றுநீர் புகுந்து உப்புக் குறையும். கோடையில் கடல்நீர் ஏறி உப்பு மிகும். இந்த ஏற்றத்தாழ்வைத் தாங்கும் உயிர்களே அங்கு வாழும். கரையிலே நிற்கும் கண்டல் மரத்தின் வித்து, தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு நீண்டு தொங்கும். கண்ணா மரமோ காற்றுப் புகாத சேற்றினின்று மூச்சுவேர்களை ஈட்டிமுனைபோல் மேல்நோக்கி நிறுத்தும். மிகுதியான உப்பை இலைவழியே வெளியேற்றும். உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பிக்கும் எந்த ஆசிரியருக்கும் இவற்றைவிடச் சிறந்த பாடசாதனம் வேண்டுமோ? வாவி அருகில் இருந்தது. பாடம் அயல்மொழியில் இருந்தது. இரண்டையும் சேர்ப்பதற்கு வேண்டிய சொற்கள் மட்டும் இல்லை. இக்குறையை மயில்வாகனனார் மாணவராயிருந்த காலத்திலேயே உணர்ந்தாரோ, பின்னர் உணர்ந்தாரோ, அறியோம். அதை நீக்க முயன்றவர்களின் முன்வரிசையில் நாற்பத்து நான்காம் வயதில் அவர் நின்றார் என்பது மட்டும் உறுதி.

ஆசிரியப் பயிற்சியைக் கொழும்பில் முடித்துச் சில காலம் கிழக்கில் ஆசிரியராய் இருந்தபின், 1915-இல் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் புகுந்து விஞ்ஞானம் கற்கலானார். 1916-இல் விஞ்ஞான டிப்ளோமா கிடைத்தது. அதே 1916-இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பட்டம் பெற்றவருள் முதல்வர் அவரே. பகலில் குடுவையும் தராசும். இரவில் தொல்காப்பியமும் சிலப்பதிகாரமும் என்று அவ்வாண்டு அவருக்குக் கழிந்திருத்தல் வேண்டும். ஒரே ஆண்டில் இவ்விரண்டையும் முடித்த மாணவர் அக்காலத்தில் வேறொருவர் இருந்திருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

1917-இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். அங்கிருந்தபடியே இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராகப் பயின்று 1920-இல் விஞ்ஞானப் பட்டதாரியானார். பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரைத் தலைமையாசிரியராக ஏற்றுக்கொண்டது.

மானிப்பாய் என்ற பெயரை எழுதும்போது மற்றொருவரை நினையாமல் இருத்தல் இயலாது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தவர். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், பின்னர் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். மனித உடலின் அமைப்பைக் கூறும் மனுஷ அங்காதிபாதம், உறுப்புகளின் தொழிலைக் கூறும் மனுஷ சுகரணம், இரசாயனத்தைக் கூறும் கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் 1870-களிலும் 1880-களிலும் அச்சேறின. தமிழில் உயிர்நூற் பாடம் படித்து மருத்துவரானோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் இருந்தனர். பின்பு அவ்வழி அடைபட்டது. ஆங்கிலமே மீண்டும் அரியணை ஏறியது. கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்த ஊரிலே, சற்றேறக்குறைய அரை நூற்றாண்டின் பின், தமிழ்ப் பண்டிதரும் விஞ்ஞானப் பட்டதாரியுமாகிய ஒருவர் ஆங்கிலப் பள்ளிக்குத் தலைமை தாங்கினார். சரித்திரத்தில் இத்தகைய விநோதங்கள் பல உண்டு.

யாழ்ப்பாணத்தில் இருந்தபோது இராமகிருஷ்ண மிஷனைச் சேர்ந்த சுவாமி சர்வானந்தரின் தொடர்பு அவருக்கு ஏற்பட்டது. 1922-இல் பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூர் மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்ற பிரமசரிய நாமத்துடன் இருந்து, 1924-இல் துறவு பெற்று விபுலாநந்தரானார். மடத்தின் தமிழ், ஆங்கில ஏடுகளுக்கு ஆசிரியராகவும் விளங்கினார். 1925-இல் இலங்கைக்குத் திரும்பி மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். திருக்கோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் அவர் ஆற்றிய பணி தனியே எழுதத்தக்கது. 1929-இல் மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே, கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். அக்காலத்தில் ஆங்கில உயர்கல்வி பெறுவதற்குக் கிழக்கிலங்கைச் சைவப் பிள்ளைகளுக்குச் சொந்த நிறுவனங்கள் மிகக் குறைவு. ஏழைப் பிள்ளைகளுக்கோ அவையும் எட்டாதவை. துறவி ஒருவர் கோயில் கட்டாமல் பள்ளிக்கூடம் கட்டியது அன்று பலருக்கு வியப்பாயிருந்திருக்கலாம்.

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. இரண்டாண்டுகள் அங்கே இருந்தார். அருகிலுள்ள திருவேட்களத்தில் ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கச் சென்றார் என்பர். பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு அரிச்சுவடி கற்பிப்பது இழிவாகத் தோன்றவில்லை.

இனி, நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம்.

தமிழில் விஞ்ஞானம் கற்பிப்பதற்குக் கலைச்சொற்கள் வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் 1916-இலேயே உருப்பெற்றிருந்தது. சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து ஒரு சங்கம் கண்டு, சாஸ்திரச் சொற்களுக்கென்றே ஒரு பத்திரிகையும் நடத்தினர். அம்முயற்சி நீடிக்கவில்லை. பின்னர் 1934-இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் அதை மீண்டும் கையிலெடுத்தது. இ. மு. சுப்பிரமணிய பிள்ளை போன்றோர் ஊக்கத்தோடு உழைத்தனர். துறைதோறும் அறிந்தோரைக் கூட்டிச் சொற்பட்டியல்கள் வகுக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்து முடிவு செய்ய 1936-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் ஒரு மாநாடு கூடியது. அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டவர் ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள்.

ஏன் அவர்? சென்னையில் தமிழ்ப் புலவர்களுக்குப் பஞ்சமில்லை. விஞ்ஞானப் பேராசிரியர்களுக்கும் பஞ்சமில்லை. புலவருக்கு விஞ்ஞானம் தெரியாது. விஞ்ஞானிக்குத் தமிழ் இலக்கணம் தெரியாது. இருசாராரும் ஒரே மேசையில் அமர்ந்தால் ஒருவர் சொல்வது மற்றவர்க்கு விளங்காது. இருவர் மொழியையும் அறிந்தவராய், வகுப்பறையில் நின்று சுண்ணக்கட்டி பிடித்தவராய், எக்கட்சியையும் சாராத துறவியாய் ஒருவர் வேண்டியிருந்தார். அத்தகையவர் கடலுக்கு அப்பால் இருந்தார்.

அம்மாநாட்டின் பயனாக 1938-இல் கலைச்சொற்கள் என்னும் தொகுதி வெளிவந்தது. கணிதம், பௌதிகம், இரசாயனம் முதலியவற்றோடு தாவரநூல், விலங்குநூல், உடல்நூல் என்னும் உயிர்நூற் பகுதிகளும் அதில் இடம்பெற்றன. சொற்கள் ஏறத்தாழ 10,000. பழந்தமிழில் உள்ள சொல்லை எடுத்தாளுதல், இல்லாதவிடத்துத் தமிழ் வேரினின்று புதிது படைத்தல் என்னும் நெறியே அதில் மேலோங்கி நின்றது. எல்லாரும் இதனை ஏற்றனர் என்று எண்ண வேண்டா. 1940-இல் சென்னை அரசாங்கம் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் ஒரு குழுவை நியமித்தபோது, வடமொழிச் சொற்களையே பொதுச்சொற்களாகக் கொள்ளும் போக்கு அங்கு வலுப்பெற்றிருந்தது. தமிழறிஞர் அதனை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அப்போராட்டத்தில் அவர்கள் கையில் ஏந்திக் காட்டக்கூடிய சான்றாக 1938-ஆம் ஆண்டுத் தொகுதி இருந்தது. தமிழிற் சொல் இல்லை என்போர்க்கு, அச்சான புத்தகத்தைக் காட்டுவதைவிட வேறு விடை உண்டோ?

எனினும், அடிகளாரின் தலைமை வேறொரு காரணத்தால் நமக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. தமிழகத்தாரும் ஈழத்தாரும் விஞ்ஞானத்திற்கு ஒரே சொல்லை வழங்கியிருக்கக்கூடிய தருணம் அது. அத்தருணம் கைநழுவிப் போயிற்று. இலங்கையில் 1945-இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிக் கல்வி படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு ஏறியது. 1950-களிலும் 1960-களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைவாரியாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவற்றை ஆக்கியோர் அடிகளாரின் தலைமுறை மூட்டிய ஊக்கத்தால் வளர்ந்தவர்கள் எனலாம். ஆனால் கடலுக்கு இருபுறமும் தனித்தனியே சொற்கள் விளைந்தன.

அதன் விளைவை இன்றும் வகுப்பறையிற் காணலாம். உடலின் மிகச் சிறிய அலகை மட்டக்களப்பு மாணவன் கலம் என்கிறான். மதுரை மாணவன் செல் என்கிறான். இவன் இழையம் என்பதை அவன் திசு என்கிறான். இலை ஒளியைக்கொண்டு உணவாக்கும் தொழில் இங்கு ஒளித்தொகுப்பு; அங்கு ஒளிச்சேர்க்கை. இங்கு நிறமூர்த்தம், அங்கு குரோமோசோம். இங்கு கூர்ப்பு, அங்கு பரிணாமம். ஒருகரை மாணவன் மறுகரையில் அச்சான உயிரியல் நூலை விரித்தால், தன் தாய்மொழியிலேயே அகராதி தேடவேண்டியவனாகிறான். தமிழ்வழி மேற்கல்விக்கு நூல்கள் அரிதாயுள்ள நிலையில், இருக்கும் சிலவற்றையும் பகிர்ந்துகொள்ள இயலாதது சிறிய இழப்பன்று.

எந்தச் சொல் சிறந்தது என்ற வழக்கில் நாம் புகவில்லை. எனினும் ஒன்று கூறலாம். கலம் என்றால் கொள்கலம் என்பது எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். சுவரால் சூழப்பட்டு உள்ளே பொருள் நிறைந்த ஒன்று என்ற கருத்து அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. கூர்ப்பு என்பது தொல்காப்பிய உரியியலில் உள்ளது சிறத்தல் என்ற பொருளில் வரும் சொல். ஆசிரியர் அதை விளக்கும்போது பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது. இரசாயன ஆய்வுகூடத்திலும் சங்கப் பனுவலிலும் ஒரே ஆண்டில் தேறிய மயில்வாகனனாரின் கல்விக்கு இதைவிடப் பொருத்தமான தொடர்ச்சி இருக்க முடியுமா?

அடிகளார் தாமே விஞ்ஞானப் பாடநூல்களை வரிசையாக எழுதியிருக்கலாகாதா என்ற கேள்வி எழும். நமக்கும் அந்தக் குறை உண்டு. தமிழ்நாட்டிலும் இமயத்துச் சாரலிலுமாகச் சுற்றிய ஆண்டுகளில் அவருடைய உள்ளம் யாழைப் பற்றிக்கொண்டது. மாயாவதி ஆசிரமத்தில் ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்தபோதும் அது விடவில்லை. ஆனால் யாழ்நூலைத் திறந்து பார்ப்பவர் அங்கும் பழைய விஞ்ஞான ஆசிரியரையே காண்பர். நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் இளி என்னும் சுரம் பிறக்கும். இவ்வாறான பின்னங்களை ஒன்றோடொன்று பெருக்கிச் செல்லும்போது பாலைகளும் பண்களும் எவ்வாறு திரிகின்றன என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டுகிறார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் புலவர் சொற்பொருளால் விளக்கினர்; அடிகளார் அளவுகோல்கொண்டு விளக்கினார். வழக்கொழிந்து வடிவமும் மறந்துபோன வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் முதலியவை இவ்வாறு மீண்டும் கருவிகளாக எண்ணப்படலாயின.

இந்த இடத்தில் பாடும் மீனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோடையின் நிலவிரவுகளில் வாவியிலே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி மறுநுனியைக் காதில் வைத்தால், யாழ் நரம்பைத் தெறித்தாற்போன்ற மெல்லொலி கேட்கும் என்பது நெடுங்காலச் செய்தி. 1848-இல் ஆங்கில அதிகாரியான எமர்சன் டெனன்ற் அதை நேரிற் கேட்டுப் பின்னர் தம் நூலில் விரிவாக எழுதினார். மீனவர் அவரிடம் காட்டியது மீனையன்று; ஊரி என்னும் ஓட்டுடலியை. அதுவே குளறுகிறது என்பது அவர்கள் கொள்கை. தொல்காப்பிய மரபியல் நந்து முதலிய ஓட்டுயிர்களுக்குத் தொடுதலும் சுவைத்தலும் ஆகிய ஈரறிவே உண்டு என்று வகுத்தது. செவியே இல்லாத அவ்வுயிருக்கு மட்டக்களப்பு மீனவர் குரல் கொடுத்துவிட்டனர்! மீன்களில் சில, வயிற்றிலுள்ள காற்றுப்பையைத் தசைகளால் அதிரச்செய்து ஒலி எழுப்ப வல்லவை என்பது இன்று தெளிவாக அறியப்பட்டது. ஆதலால் மீன் என்பாரும் ஊரி என்பாரும் தத்தம் கட்சியை விடவில்லை. வழக்கு முடியவும் இல்லை.

அடிகளார் அவ்வொலியைக் குறித்து நீரரமகளிர் இன்னிசைப் பாடலை இயற்றினார். அவர் பாடலில் வாவியிலிருந்து எழுவது நீர்மகளிரின் இசை. அதனூடே தமிழிசையின் சுரநுட்பங்கள் வெளிப்படுகின்றன. விஞ்ஞானம் கற்றவர் மீனின் காற்றுப்பையை ஆராயாமல் நீர்மகளிரைப் பாடிவிட்டாரே என்று குறைகூறுவோர் இருக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்பது உயிர்நூலார் கேட்கும் வினா. பிறந்த ஒலிகள் ஒன்றற்கொன்று எவ்வளவு இடைவெளியில் நிற்கின்றன என்பது அடிகளார் கேட்ட வினா. இரண்டாவதற்கு அவர் விடை கண்டார். முதலாவது, வாவிக்கரைப் பள்ளிகளில் இன்று விலங்கியல் படிக்கும் பிள்ளைகளுக்கு எஞ்சி நிற்கிறது.

1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். உடல் நலிவுற்றது, பாரிசவாதம் வருத்தியது. யாழ்நூலின் அச்சுவேலை அந்நிலையிலேயே முடிவுற்றது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. 1947 ஜூன் 5, 6 ஆகிய நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. அடிகளாரின் கணக்கின்படி அமைத்த கருவிகளைத் தாங்கிப் புலவரும் இசைவாணரும் ஊர்வலமாகச் சென்றனர். நூலின் பாடம் ஏட்டோடு நில்லாமல் மரமும் நரம்புமாகக் கேட்போர் முன் வைக்கப்பட்டது. பரிசோதனை காட்டாமல் பாடம் முடிக்காத விஞ்ஞான ஆசிரியரின் வழக்கம் அது.

ஆறு வாரங்கள் கழித்து, ஜூலை 19-ஆம் நாள், கொழும்பிலே அவர் உயிர் நீத்தார். வயது ஐம்பத்தைந்து. உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கம் செய்தனர். வந்தாறுமூலையில் 1981-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986-இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் அழகியற் கற்கைகள் நிறுவகம் அடிகளார் பெயரைத் தாங்கிக் கல்லடியில் நடைபெறுகிறது. இசைக்கும் கூத்துக்கும் அவர் பெயரை வைத்தது தகும். விஞ்ஞான ஆய்வுகூடம் ஒன்றுக்கும் வைத்தால் அதுவும் தகும் என்பது நம் கருத்து.